முழங்கையில் தொங்கும் ஹெல்மெட்: தண்டனை குற்றத்தை எவ்வாறு தடுக்கிறது?

காலை ஒன்பது மணிக்குச் சென்னையின் ஏதாவதொரு பெரிய சிக்னலுக்கு நூறு மீட்டர் முன்னால் நின்று கவனித்தால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். அதுவரை முழங்கையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை, வண்டியைச் சற்று மெதுவாக்கி, ஒரே கையால் தலையில் கவிழ்த்துக்கொள்பவர் ஒருவராவது இருப்பார். வாரைப் பூட்டமாட்டார். சிக்னலைத் தாண்டிப் போக்குவரத்துக் காவலரின் கண்ணிலிருந்து மறைந்ததும் அது மறுபடியும் முழங்கைக்கோ பெட்ரோல் டேங்கின் மேலோ திரும்பிவிடும்.

இவருக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியாதவர் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கமாட்டார். அபராதத் தொகையும் தெரிந்தே இருக்கும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அது 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில்தான் அந்தத் தொகை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 100 ரூபாய். வீட்டு வாசலிலும் சட்டம் அதுதான், சிக்னலிலும் அதுதான். இரண்டு இடங்களுக்கும் இடையே மாறுவது பிடிபடும் வாய்ப்பு மட்டுமே. தண்டனை எவ்வாறு குற்றத்தைத் தடுக்கிறது என்பது பற்றி அறிஞர்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளாக எழுதிவருவதில் பெரும்பகுதி அந்த முழங்கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஒருவரை ஏன் தண்டிக்கிறோம் என்ற கேள்விக்குப் பல விடைகள் உண்டு. செய்த தவறுக்கு ஈடாக அவர் துன்பம் அனுபவிப்பதே நியாயம் என்பது ஒரு விடை. உள்ளே இருக்கும் காலத்திலாவது அவரால் வெளியே குற்றம் செய்ய முடியாது என்பது இன்னொன்று. அவரைத் திருத்தி அனுப்பலாம் என்பது மற்றொன்று. இவை மூன்றுமே குற்றம் செய்து முடித்தவரைப் பற்றியவை. நாம் இங்கே பார்க்கப்போகும் அச்சுறுத்தித் தடுத்தல் என்னும் கருத்து, இன்னும் எதுவும் செய்யாதவரைப் பற்றியது. ஒருவர் தவறு செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கணத்தில், பின்னால் வரக்கூடிய தண்டனை அவர் மனத்தில் தோன்றி அவரைப் பின்வாங்கச் செய்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. அதாவது தண்டனை வேலை செய்யும் இடம் சிறைச்சாலை அன்று. குற்றத்துக்குச் சற்று முன்பு ஒருவருடைய மனத்தில் ஓடும் கணக்கு.

இதில் இரண்டு வகை பேசப்படும். பிறர் தண்டிக்கப்படுவதைப் பார்த்தோ கேள்விப்பட்டோ மற்றவர்கள் அஞ்சுவது பொதுத் தடுப்பு. தண்டனை பெற்றவரே அந்த அனுபவத்தை நினைத்து மறுமுறை செய்யாமல் இருப்பது தனித் தடுப்பு. இரண்டாவது வகை நாம் நினைக்கும் அளவுக்கு வலுவானதாக இல்லை. சிறைக்குப் போவதற்கு முன்பு அதைப் பற்றி இருந்த இருட்டான பயம், ஒருமுறை உள்ளே போய் வந்தவருக்குத் தெளிந்துவிடுகிறது. வேலை போயிருக்கும், ஊரில் பெயர் கெட்டிருக்கும், உள்ளே புதிய கூட்டாளிகள் கிடைத்திருப்பார்கள். இனி இழப்பதற்கு முன்போல் அதிகம் இல்லாதவரை அச்சுறுத்துவது கடினம். ஆகவே இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் பொதுத் தடுப்பைப் பற்றியதே.

1764-இல் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த செசாரே பெக்காரியா என்னும் இருபத்தாறு வயது இளைஞர், குற்றத்தையும் தண்டனையையும் பற்றிச் சிறிய நூலொன்றைத் தம் பெயர் போடாமல் வெளியிட்டார். சித்திரவதையும் பொது இடத்தில் கொல்வதும் இயல்பாக இருந்த ஐரோப்பாவில், தண்டனை கொடூரமாக இருக்கவேண்டியதில்லை, தப்பமுடியாததாக இருந்தால் போதும் என்று அவர் வாதிட்டார். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே காலம் நீளாமல் இருந்தால்தான் ஒன்றை நினைக்கும்போதே மற்றொன்றும் மனத்தில் எழும் என்பதும் அவர் சொன்னதே. உறுதி (பிடிபட்டுத் தண்டனை பெறுவது எவ்வளவு நிச்சயம் என்பது), கடுமை, விரைவு என இன்றைக்கும் இந்தத் துறையில் புழங்கும் மூன்று அளவுகோல்களும் அங்கிருந்து வந்தவைதாம். அவருக்குப் பின் வந்த இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம், இன்பத்தையும் துன்பத்தையும் எடைபோட்டு நடப்பவனே மனிதன் என்று இதைக் கிட்டத்தட்ட ஒரு கணக்குப் பாடமாகவே ஆக்கினார்.

அந்தக் கணக்கை நவீனப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கரான கேரி பெக்கர். 1992-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தக் காரில் போய்க்கொண்டிருந்தவருக்கு நேரமாகிவிட்டது. கட்டண நிறுத்துமிடத்தில் விட்டால் காசும் செலவு, நடக்கவும் வேண்டும். தெருவில் விதியை மீறி நிறுத்தினால் அபராதம் வரலாம். அபராதம் எவ்வளவு, பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு என்று மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நிறுத்தினார். பிடிபடவும் இல்லை. தேர்வு அறைக்கு நடக்கும்போதே, நகர நிர்வாகமும் இதே கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டிருக்கவேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. 1968-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் விதை அது.

கணக்கு எளிமையானதுதான். ஹெல்மெட் இல்லாத ஒரு பயணத்தில் பிடிபடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அபராதம் 100 ரூபாயாக இருந்தால் அந்தப் பயணத்தின் சராசரி விலை 1 ரூபாய். அபராதத்தை 1,000 ஆக்கினால் விலை 10 ரூபாய். அபராதத்தைத் தொடாமல், பிடிபடும் வாய்ப்பைப் பத்தில் ஒன்றாக உயர்த்தினாலும் விலை அதே 10 ரூபாய்தான். ஆனால் அரசின் செலவில் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. அபராதத்தை உயர்த்த அரசிதழில் ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும். பிடிபடும் வாய்ப்பைப் பத்து மடங்காக்க ஆள், வண்டி, கருவி, சம்பளம் என்று பணம் வேண்டும், அதுவும் ஆண்டுதோறும் வேண்டும். குற்றம் ஒன்று நாட்டை உலுக்கும்போதெல்லாம் தண்டனை கடுமையாக்கப்படும் என்ற அறிவிப்பு மறுநாளே வந்துவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அது செலவில்லாத நடவடிக்கை.

தாளில் சமமாகத் தெரியும் இந்த இரண்டு வழிகளும் நடைமுறையில் சமமாக இருப்பதில்லை. மிகச் சிறிய வாய்ப்பை மனித மனம் சிறிய எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, இல்லை என்றே எடுத்துக்கொள்கிறது. நமக்கா நடக்கப்போகிறது என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டால், பூஜ்யத்தை ஆயிரத்தால் பெருக்கினாலும் பத்தாயிரத்தால் பெருக்கினாலும் விடை பூஜ்யம்தான். அதேபோல, தொலைவில் இருக்கும் துன்பம் சிறியதாகத் தெரியும். பத்தாண்டுச் சிறையின் ஒன்பதாவது ஆண்டை, இன்றிரவு ஒரு வீட்டின் பூட்டை உடைக்க நினைப்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடுமை கூடும்போது இன்னொன்றும் நடக்கிறது: உறுதி குறைகிறது. இதைப் புரிந்துகொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தைப் போல் நல்ல பாடம் வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கும் மேல் இருந்தன. ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு. ஆனால் ஒரு வேலைக்காரச் சிறுமியை வெள்ளிக் கரண்டிகளுக்காகத் தூக்கிலேற்ற நடுவர் குழுவில் அமர்ந்திருந்த கடைக்காரர்களுக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ள பொருளைத் திருடியிருந்தாலும், திருட்டுப் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று அவர்கள் தீர்ப்பெழுதினார்கள். சில வழக்குகளில் குற்றவாளியே அல்ல என்று விடுவித்தார்கள். பறிகொடுத்தவர்களில் பலர், ஓர் உயிர் போகும் பழி நமக்கு வேண்டாம் என்று வழக்கே போடவில்லை. சட்டப் புத்தகம் எவ்வளவு பயங்கரமாக இருந்ததோ அவ்வளவு எளிதாகத் திருடன் தப்பினான்.

இதன் உச்சம் 1811-இல் வந்தது. துணி வெளுக்கும் களங்களின் உரிமையாளர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். வெட்டவெளியில் புல்மேல் நாள்கணக்கில் காயும் துணிகள் திருடுபோவதைத் தடுக்க, அந்தத் திருட்டுக்கு மரண தண்டனை இருந்தது. அதை நீக்குங்கள் என்பதுதான் மனு. அவர்கள் கருணை மிகுந்து கேட்கவில்லை. தூக்கு இருப்பதால் யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை, யாருக்கும் தண்டனை கிடைப்பதில்லை, எங்கள் துணி போய்க்கொண்டே இருக்கிறது என்பது அவர்களின் குறை. திருட்டுக் கொடுத்தவர்களே தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட அந்த மனு, அச்சுறுத்தல் பற்றிய எந்தக் கோட்பாட்டு நூலையும்விடத் தெளிவாக விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில், சாமுவேல் ரோமிலி என்னும் உறுப்பினரின் முயற்சியால் அந்தச் சட்டம் மாறியது. 1829-இல் லண்டனுக்கு முறையான மாநகரக் காவல்படை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் திருட்டுகளுக்கான தூக்கு ஒவ்வொன்றாக ஒழிந்தது.

நம் ஊரிலும் இதன் சாயலைக் காணலாம். 2019 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட போக்குவரத்து அபராதங்களைக் கண்டு முதலில் பின்வாங்கியவை மாநில அரசுகளே. குஜராத் அதே மாதத்தில் ஹெல்மெட் அபராதத்தை 500 ரூபாயாகக் குறைத்தது. தெருவில் நடப்பது இன்னும் நுட்பமானது. அபராதம் 100 ரூபாயாக இருந்தவரை ரசீதை வாங்கிக்கொண்டு போனவர், அது 1,000 ஆனதும், இருநூறில் முடித்துக்கொள்ளலாமே என்று பேச்சைத் தொடங்குவார். தண்டனை உயர்ந்தால் அதிலிருந்து தப்பிக்க ஒருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையும் உயர்கிறது. பேரம் இரு பக்கத்துக்கும் லாபமாகிவிடுகிறது.

இனி, அச்சம் என்பது உண்மையான வாய்ப்பைப் பொறுத்ததா, மக்கள் நினைத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பைப் பொறுத்ததா என்பதைப் பார்ப்போம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. இந்தக் குற்றத்தைச் செய்பவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்லர். வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, சனிக்கிழமை இரவில் மட்டும் சட்டத்தை மீறுபவர்கள். ஆகவே அச்சம் வேலை செய்தால் இவர்களிடம்தான் முதலில் செய்யவேண்டும்.

1967 அக்டோபர் 9 அன்று பிரிட்டனில் புதிய சாலைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்று அது வரையறுத்தது. (இந்தியாவில் இந்த வரம்பு 30 மில்லிகிராம்.) ஓட்டுநரை ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகப் பையொன்றில் ஊதச் சொல்வார்கள், குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் நிறப் படிகங்கள் பச்சையாக மாறினால் அவர் காவல் நிலையத்துக்கு வரவேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் இதே பேச்சு. விளைவு வியப்பூட்டியது. வார இறுதி இரவுகளில் ஏற்படும் உயிரிழப்புகளும் கடுமையான காயங்களும் பாதிக்கும் கீழே இறங்கின. மதுக்கடைகள் மூடியிருக்கும் நேரங்களில் அத்தகைய மாற்றம் இல்லை. எனவே குறைந்ததற்குக் காரணம் வேறு எதுவுமில்லை, ஊதும் குழாய்தான் என்பது தெளிவாயிற்று.

ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் எண்ணிக்கை மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்பியது. சட்டம் மாறவில்லை, தண்டனையும் மாறவில்லை. என்ன நடந்தது? சட்டப்படி காவலர் நினைத்த யாரையும் நிறுத்திச் சோதிக்க முடியாது; ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்ற சந்தேகமோ, விதிமீறலோ, விபத்தோ இருக்கவேண்டும். நடைமுறையில் சோதனைகள் குறைவாகவே நடந்தன. முதல் சில மாதங்களில் விளம்பரத்தின் வேகத்தில், எந்த மூலையிலும் நம்மை நிறுத்திவிடுவார்கள் என்று மக்கள் நம்பினார்கள். பிறகு நண்பர்கள், அண்டை வீட்டார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என ஒவ்வொருவரும் எத்தனையோ முறை குடித்துவிட்டு ஓட்டியும் ஒருவரும் ஊதவில்லை என்பது தெரியவந்தது. சட்டத்தின் மீதிருந்த அச்சம் உண்மையான வாய்ப்பின் அளவுக்கு வற்றிப்போனது. விளம்பரத்தால் அச்சத்தை உண்டாக்கலாம், ஆனால் பின்னால் நடவடிக்கை இல்லாமல் நெடுநாள் வைத்திருக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் வேறு வழியில் போனது. அங்கே காவலர் எந்தக் காரணமும் இல்லாமல் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். சந்து பொந்துகளில் ஒளிந்து நின்று பிடிக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி பெரிய சாலைகளில், விளக்கு வெளிச்சத்தில், நாள்தோறும் இடம் மாற்றிச் சோதித்தார்கள். ஆண்டுக்கு ஓட்டுநர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சோதிக்கப்படும் அளவுக்கு எண்ணிக்கை இருந்தது. பிடிபட்டவர்கள் மிகக் குறைவு என்பதைக் கவனிக்கவேண்டும். நோக்கமும் பிடிப்பது அன்று. குடிக்காமல் வந்து ஊதிவிட்டுப் போன ஒவ்வொருவரும், நேற்றிரவு என்னை நிறுத்தினார்கள் என்று நான்கு பேரிடம் சொன்னார். பிரிட்டனில் அச்சத்தைக் கரைத்த அதே ஊர்ப்பேச்சு இங்கே அதற்கு உரமாயிற்று. மது தொடர்பான விபத்து மரணங்கள் குறைந்தன, குறைந்தபடியே நீடித்தன. இதை ஆராய்ந்தவர்கள் இன்னொரு பயனையும் கண்டார்கள். கூட்டாளிகள் இன்னும் ஒரு கோப்பை என்று வற்புறுத்தும்போது, வேண்டாம், வழியில் ஊதச் சொல்வார்கள் என்று சொல்லி நழுவ ஒரு மரியாதையான சாக்கு கிடைத்தது. குடிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் அந்தச் சாக்கின் அருமை தெரியும். பயந்தவன் என்ற பெயர் வாங்காமல் பயப்படுவதற்கு அது வழி செய்கிறது.

விரைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சான்றுகள் அங்கே இரண்டுபட்டிருக்கின்றன. 2004-இல் ஹவாயில் ஸ்டீவன் ஆல்ம் என்னும் நீதிபதி, நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருப்பவர்கள் போதைப்பொருள் சோதனையில் தவறினால், பல மாதம் விட்டுவைத்துப் பிறகு பல ஆண்டு உள்ளே தள்ளும் பழைய வழக்கத்தை விட்டு, உடனே சில நாள்கள் மட்டும் சிறையில் வைக்கும் முறையைத் தொடங்கினார். அங்கே மீறல்கள் வெகுவாகக் குறைந்தன. உற்சாகத்தோடு வேறு சில அமெரிக்க மாநிலங்களில் அதையே செய்து பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் தெரியவில்லை. விரைவு மட்டுமே மந்திரம் அன்று என்பது அதன் பொருள். ஆயினும் எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வாய்தா வாய்தாவாக நகர்ந்து, சாட்சிகள் பிறழ்ந்து, பத்தாண்டு கழித்துத் தீர்ப்பு வரும்போது ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குற்றமே நினைவில் இருப்பதில்லை என்ற நம் நிலைமையில், தாமதத்தால் உறுதியும் சேர்ந்தே கரைகிறது.

அப்படியானால் கடுமைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. 2006-இல் இத்தாலியில் சிறைகள் நிரம்பி வழிந்ததால், மூன்றாண்டுகளுக்குள் தண்டனை மீதமிருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே சட்டத்தில் விடுவித்தார்கள். ஐந்தாண்டுக்குள் மறுபடி கடுமையான குற்றம் செய்தால், புதிய தண்டனையோடு பழைய மீதியையும் சேர்த்து அனுபவிக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரே மாதிரியான குற்றத்துக்கு உள்ளே போன இருவரில் ஒருவருக்கு இரண்டு மாதம் மீதி, இன்னொருவருக்கு முப்பது மாதம் மீதி. எப்போது கைதானார்கள் என்பதால் மட்டுமே வந்த வேறுபாடு அது. ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, தலைக்குமேல் தொங்கிய மீதி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மறுகுற்றம் குறைவாக இருந்தது. இங்கே கடுமை வேலை செய்ததற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் தம் மீதி எவ்வளவு என்பது நாள்கணக்கில் தெரியும் என்பதே. தண்டனைச் சட்டத்தின் எந்தப் பிரிவுக்கு எத்தனை ஆண்டு என்று நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

மரண தண்டனை விவகாரத்தில் கேள்வியைச் சரியாகக் கேட்பது முக்கியம். தூக்குக்கு மாற்று, தண்டனையின்றி விடுவது அன்று, ஆயுள் சிறை. ஆகவே, ஆயுள் சிறைக்கு அஞ்சாத ஒருவர் தூக்குக்கு அஞ்சுவாரா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு பல்லாண்டு ஆய்வுகளை அலசிவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ சொல்ல அவை உதவா என்று 2012-இல் முடிவுகூறியது. 2015-இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம், ஆயுள் தண்டனையைவிட அது கூடுதலாக அச்சுறுத்துவதற்குச் சான்றில்லை என்று கூறி, பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக அதை ஒழிக்கப் பரிந்துரைத்தது. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவும் 2013-இல் பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கைப் பரிந்துரைக்கவில்லை. இதில் பழைய எச்சரிக்கை ஒன்றும் அடங்கியிருக்கிறது. வழிப்பறிக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால் வழிப்பறி செய்பவன் கொலையும் செய்துவிட்டுப் போவான், இறந்தவர் சாட்சி சொல்ல மாட்டார் என்று பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியூ பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதினார். தண்டனைகளுக்கு இடையே படிக்கட்டு இருக்கவேண்டும்; எல்லாப் படியும் ஒரே உயரத்துக்குப் போய்விட்டால், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று குற்றவாளி நினைக்க இடமில்லாமல் போகிறது.

எந்தத் தண்டனைக்கும் மசியாத குற்றங்களும் உண்டு. குடிபோதையில், கண்மண் தெரியாத கோபத்தில் நடப்பவற்றில் கணக்குப் போட நேரமே இல்லை. பழிக்குப் பழியாக வெட்டிவிட்டு நேராக நீதிமன்றத்துக்குப் போய்ச் சரணடைபவர்களைப் பற்றி நாம் அடிக்கடி படிக்கிறோம். அவர்களிடம் மாட்டிக்கொள்வோமா என்ற கேள்வியே இல்லை. தண்டனையை முன்பே செலவில் எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

மறுபக்கத்தில், பிடிபடும் வாய்ப்பே ஏறக்குறைய இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. 1944 செப்டம்பர் 19 அன்று, டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் அந்நாட்டுக் காவல்துறையையே கைதுசெய்தார்கள். போர் முடியும்வரை, ஆயுதமில்லாத ஒரு தற்காலிகக் காவல் அணியைத் தவிர நாட்டில் காவலர் இல்லை. கோபன்ஹேகனில் மாதத்துக்குப் பத்து என்ற அளவில் இருந்த கொள்ளைகள் நூறை எட்டின. ஆனால் கையாடலும் மோசடியும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. காரணம் எளிது: அலுவலகப் பணத்தைக் கையாடியவர் யார் என்பது முதலாளிக்குத் தெரியும், இருட்டில் பணப்பையைப் பறித்தவர் யார் என்பது தெரியாது. பிடிபட்டவர்களுக்குத் தண்டனையின் கடுமை கூட்டப்பட்டும், அடையாளம் தெரியாமல் போகும் குற்றங்கள் வெள்ளமாயின.

அப்போதும் கோபன்ஹேகனில் பெரும்பாலோர் திருடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மக்களைத் தடுப்பதில் தண்டனையைவிட வெட்கத்துக்கும் பழக்கத்துக்கும் பங்கு அதிகம். சில வேளைகளில் தண்டனை அந்த வெட்கத்தையே கெடுத்துவிடும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சில குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வின்படி தாமதம் கூடியது. ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே என்று கூசியவர்கள், அதற்குத்தான் காசு கொடுக்கிறோமே என்று நிம்மதியானார்கள். அபராதம் கட்டணமாகிவிட்டது. பிறகு அதை நீக்கியபோதும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி. அச்சுறுத்தல் என்பது தண்டனையின் அளவைப் பொறுத்தது மட்டும் அன்று. குற்றம் செய்தால் வரும் துன்பத்துக்கும் செய்யாவிட்டால் வரும் துன்பத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. செய்தவரும் செய்யாதவரும் ஒரே மாதிரி அடிவாங்கினால் அந்த வேறுபாடு சுருங்குகிறது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வர் என்கவுன்ட்டரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இனி எவனுக்கும் துணிவு வராது என்று சொல்லிப் பட்டாசு வெடித்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022-இல், கொல்லும் நோக்கத்தோடே அவர்கள்மீது சுடப்பட்டது என்றும் அவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டறிந்தது. அவர்கள்தாம் செய்தார்களா என்பதை எந்த நீதிமன்றமும் இனி விசாரிக்க வழியில்லை.

அதைவிட அன்றாடமாக நடப்பது ஒன்று இருக்கிறது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புக்குக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். ஊரில் எங்கே ஒரு செயின் பறிப்பு நடந்தாலும் சந்தேகக் கேஸ் என்று தெருவில் முதலில் கூட்டிக்கொண்டு போகப்படும் ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். பறித்தாலும் கூட்டிப்போவார்கள், பறிக்காவிட்டாலும் கூட்டிப்போவார்கள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் எப்படியும் இரண்டு மாதம் உள்ளே. அந்த இளைஞன் இன்றிரவு போடும் கணக்கில், செயின் மட்டும்தான் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது.